கறி மீனை விட்ட பிறகு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

கறி, மீன் சாப்பிடுவதை விட்டவர்களும் விடலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். உயிர்கள் மேல் இரக்கம், உடல்நலம், சுற்றுச்சூழல், நம்பிக்கை என்று விடுவதற்கான காரணம் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் அடுப்படியில் வரும் சிக்கல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பால், முட்டை எல்லாமும் விடணுமா? எது வரைக்கும் சைவம்?

கறி, கோழி, மீன், மற்ற கடல் உணவுகள் இவற்றை விட்டால் பொதுவாகச் சைவம் என்கிறோம். அதற்குள்ளேயே பால் மட்டும் எடுப்பவர்கள், பாலும் முட்டையும் எடுப்பவர்கள், விலங்கிடமிருந்து வரும் எதையுமே (தேன் உட்பட) தொடாத வீகன்கள் என்று பல வகை உண்டு. மீன் மட்டும் சாப்பிடுகிறவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

எங்கே கோடு போடுவது என்பது உங்கள் முடிவு, அதில் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கோடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கீழே வரும் சத்துக் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான் மாறும். பாலும் முட்டையும் தினமும் எடுப்பவர் கவனிக்க வேண்டியவை குறைவு, வீகனுக்குக் கூடுதல்.

ஒரே நாள்ல நிறுத்தணுமா, கொஞ்சம் கொஞ்சமாவா?

இரண்டுமே சரிதான். ஒரே நாளில் நிறுத்தி அப்படியே தொடர்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சமைக்கத் தெரிந்த சைவ உணவு நாலைந்து வகையாவது கைவசம் வந்த பிறகு நிறுத்துவது நல்லது. பசியோடு வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் நேரத்தில்தான் பலரும் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பயறு வகைகளைத் திடீரென்று அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு முரண்டு பிடிக்கும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கறி இல்லாம தட்டுல என்னதான் வைக்கிறது? வெறும் காயா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கறியை எடுத்தால் தட்டில் ஓர் இடம் காலியாகும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு இவற்றால் நிரப்பிவிட்டு, பிறகு சோர்வாக இருக்கிறது, பசி அடங்கவில்லை, சைவம் என் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்கிறார்கள். அவர்களுக்கு ஒத்துவராதது சைவம் இல்லை, காலி இடத்தில் வைத்த பொருள்.

அந்த இடத்துக்கு உரியவை பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, ராஜ்மா, சோயா, டோஃபு (சோயா பாலை உறையவைத்த கட்டி), பன்னீர், முட்டை (எடுப்பவர்களுக்கு), கொட்டைகள், விதைகள். காய்கறி அவசியம்தான், அதன் வேலை வேறு. ஒரு கிண்ணம் வெள்ளரிக்காயும் கேரட்டும் ஒரு துண்டு மீனுக்கு ஈடாகாது. ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்து, இதில் பயறோ சோயாவோ பாலோ முட்டையோ கொட்டையோ எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பழகினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, புரதம் போதுமான அளவு கிடைக்குமா?

கிடைக்கும், மேலே சொன்ன காலி இடத்தைச் சரியாக நிரப்பினால். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 60 கிலோ எடை என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம்.

ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகவைத்த பருப்போ கொண்டைக்கடலையோ 100 கிராமில் 9 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, ஆக 200 கிராம் சாப்பிட்டால் 18. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் (30 கிராம்) 7 முதல் 8. பால் ஒரு டம்ளரில் 6 அல்லது 7. கெட்டி டோஃபு 100 கிராமில் 12க்குக் குறையாது. நாள் முழுக்கச் சாப்பிடும் அரிசி, கோதுமை போன்றவற்றிலேயே 15 கிராம் வந்துவிடும். கூட்டினால் ஐம்பதைத் தாண்டுகிறது. இதில் எதுவும் இல்லாமல் சோறும் பொரியலும் மட்டும் என்றால் தாண்டாது, கணக்கு அவ்வளவுதான்.

பருப்பையும் தானியத்தையும் ஒரே வேளையில சேர்த்துச் சாப்பிட்டாதான் முழுப் புரதமாமே?

1970களில் பரவிய கருத்து இது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடிப்படை உண்மைதான். தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறு வகைகளில் மெத்தியோனின் குறைவு, இரண்டையும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஆனால் ஒரே வேளையில் சேர வேண்டியதில்லை. உடம்பு அமினோ அமிலங்களைக் கொஞ்ச நேரம் கையிருப்பில் வைத்துக்கொள்கிறது, அதனால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஒரே நாளுக்குள் வந்தால் போதும். சோயாவில் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் நல்ல அளவிலேயே இருக்கின்றன.

வயிறு நிறையச் சாப்பிடுறேன், ரெண்டு மணி நேரத்துல பசிக்குது. ஏன்?

பெரும்பாலும் காலி இடக் கணக்குதான். கறியில் புரதமும் கொழுப்பும் சேர்ந்திருக்கும், இரண்டும் பசியைத் தாங்கும். மாவுச்சத்தை மட்டும் வைத்து வயிற்றை நிரப்பினால் சீக்கிரம் செரித்துவிடும். பயறு, முழுதானியம் இவற்றோடு கொஞ்சம் கொட்டையோ எள்ளோ எண்ணெயோ சேருங்கள். எடை குறைக்கிறேன் என்று எண்ணெயையும் விட்டு, கறியையும் விட்டு, இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குகிறவர்கள் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். முதலில் ஒன்றைப் பழகுங்கள்.

பயறு சாப்பிட்டாலே வயிறு உப்புசம், வாயு. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும்தான். பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் இல்லை. அதனால் அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்கே இருக்கும் பாக்டீரியா அவற்றைச் சாப்பிட்டு வாயுவை உண்டாக்குகிறது. உடம்பில் ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். நன்றாகக் குழைய வேகவையுங்கள். தோல் நீக்கி உடைத்த பருப்பு, முழுப் பயறைவிட வயிற்றுக்கு லேசு, அதனால் அதில் தொடங்கி ராஜ்மா, கொண்டைக்கடலை பக்கம் மெல்ல வாருங்கள். தினமும் கொஞ்சம் என்று சில வாரம் சாப்பிட்டால் குடல் பழகிக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நிறையச் சாப்பிடுகிறவருக்கு அது பழகவே பழகாது.

எத்தனை விசில் விட்டாலும் கொண்டைக்கடலை கல்லு மாதிரி இருக்கே?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். பயறு ரொம்பப் பழசாக இருக்கலாம், வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு எவ்வளவு வேகவைத்தாலும் மிருதுவாகாது. தண்ணீர், கால்சியம் அதிகமான கடின நீராக இருக்கலாம். அல்லது தக்காளி, புளி, எலுமிச்சை போன்ற புளிப்பை முதலிலேயே சேர்த்திருப்பீர்கள். புளிப்பு பயறின் செல்சுவரை இறுக்கிவிடும், அதனால் பயறு வெந்த பிறகுதான் அதைச் சேர்க்க வேண்டும்.

சமையல் உப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. உப்புப் போட்டால் வேகாது என்பார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் நன்றாகவே மிருதுவாகிறது, உள்ளேயும் ருசி ஏறுகிறது. அவசரத்துக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும், ஆனால் கூடினால் சோப்பு வாடை வரும், தயமின் என்ற பி1 வைட்டமினும் அழியும்.

ராஜ்மா விஷம்னு ஒருத்தர் சொன்னாரு. நிஜமா?

பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட்டால் நிஜம்தான். அதில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் (ஒரு வகைப் புரதம்) இருக்கிறது, நாலைந்து விதை சரியாக வேகாமல் உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கும் நிலையில் அரை மணி நேரம் வைத்தால் அது அழிந்துவிடும், அப்புறம் மிருதுவாகும் வரை வேகவைக்கலாம். பிரஷர் குக்கரில் கொதிநிலையைவிடச் சூடு அதிகம் என்பதால் பயமில்லை.

ஆபத்து இருப்பது ஸ்லோ குக்கரில். அதன் சூடு கொதிநிலைக்குக் கீழேயே நின்றுவிடலாம், அந்தச் சூட்டில் நச்சு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். ஸ்லோ குக்கரில் செய்துதான் ஆக வேண்டும் என்றால் முதலில் அடுப்பில் கொதிக்கவைத்து எடுத்துப் போடுங்கள். டப்பாவில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, கவலை வேண்டாம்.

என்ன செஞ்சாலும் கறி ருசி வர மாட்டேங்குது. என்ன சேர்க்கணும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. கறியின் ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி நான்கு விஷயங்கள்: உமாமி என்கிற சுவை, வறுபட்ட மணம், கொழுப்பு, மெல்லும்போது கிடைக்கும் கெட்டித்தன்மை. நான்கையும் செடிகொடிகளிலிருந்தே கொண்டுவரலாம், ஆனால் தனித்தனியாக நினைத்துப் பார்த்துக் கொண்டுவர வேண்டும்.

உமாமி என்பது முக்கியமாகக் குளுட்டமேட் தரும் சுவை. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கொம்பு என்ற கடல்பாசிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார், அதாவது உலகம் அதை முதலில் கண்டுகொண்டதே சைவப் பொருளில்தான். தக்காளி, சோயா சாஸ், மீசோ (புளிக்கவைத்த சோயா விழுது), நாள்பட்ட சீஸ் எல்லாவற்றிலும் அது உண்டு. காய்ந்த ஷிடாகே காளானில் குவானிலேட் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது, குளுட்டமேட்டோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று பல மடங்கு தூக்கிவிடும். அதனால் காய்ந்த காளான் ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், தக்காளியோடோ சோயா சாஸோடோ சேர்த்துக் குழம்பில் ஊற்றிப் பாருங்கள்.

வறுபட்ட மணத்துக்கு மெயில்லார்ட் வினை என்று பெயர், புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவது. தண்ணீர் இருக்கும் வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, பழுப்பாக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். ஆகவே சட்டி நிறையக் காயைக் கொட்டாமல் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், ஈரத்தைத் துடையுங்கள், வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்குங்கள், தக்காளி விழுதை எண்ணெய் பிரியும் வரை விடுங்கள். இறக்கும்போது சில துளி எலுமிச்சை. கறிக்குச் செலவழித்த நேரத்தைக் காய்க்கும் செலவழித்தால் ருசி தானாக வரும், பலரும் அந்த நேரத்தைத் தருவதில்லை.

காளான் தண்ணி விட்டுக் கொழகொழன்னு ஆகுது, டோஃபு சப்புன்னு இருக்கு.

காளானில் 90 சதவீதம் தண்ணீர். அகலமான சட்டியை நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் இல்லாமல் காளானைப் போட்டு, விடும் தண்ணீர் முழுக்க வற்றும் வரை விடுங்கள், அதன் பிறகு எண்ணெய், உப்பு, மசாலா. ரொம்ப நேரம் வதக்கினால் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். காளானின் செல்சுவரில் கைட்டின் என்ற உறுதியான பொருள் இருப்பதால் கறி மாதிரி விறைத்தும் போகாது, காய் மாதிரி குழைந்தும் போகாது.

டோஃபுவில் முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கனமான எதையாவது மேலே வைத்து அரை மணி நேரம் அழுத்தலாம், அல்லது உப்புப் போட்ட சுடுதண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடுத்துத் துடைக்கலாம். கொஞ்சம் சோள மாவில் புரட்டிப் பொன்னிறமாக வறுத்து, கடைசியில் சாஸைச் சேருங்கள். மசாலாவில் மணிக்கணக்கில் ஊறவைத்தாலும் உள்ளே அதிகம் இறங்காது. இறங்க வேண்டும் என்றால் ஃப்ரீசரில் உறையவைத்து, கரைந்ததும் பிழிந்துவிடுங்கள், உள்ளே துளைகள் விழுந்து சாற்றை நன்றாக உறிஞ்சும், மெல்லுவதற்கும் கெட்டியாக இருக்கும். மீல்மேக்கரும் அப்படித்தான், சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும்.

சோயா ஆம்பளைங்களுக்கு ஆகாதாமே? ஹார்மோன் மாறிடுமாமே?

சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. அதன் வடிவம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ஒத்திருப்பதால் வந்த பயம் இது. ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வழக்கமாகச் சாப்பிடும் அளவில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. தாராளமாகச் சாப்பிடலாம்.

கவனிக்க வேண்டியவர்கள் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள். சோயா அந்த மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம், இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பி12 பத்தி எல்லாரும் பயமுறுத்துறாங்க. அவ்வளவு முக்கியமா?

ஆமாம். மற்ற சத்துகளுக்கெல்லாம் இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடு என்று வழி சொல்லலாம். இதற்கு மட்டும் செடிகொடி உணவில் நம்பத்தகுந்த வழி இல்லை. பி12 என்ற வைட்டமினை உருவாக்குவது பாக்டீரியா. விலங்குகளின் உடம்பில் அது சேர்கிறது, ஈரலில் மிக அதிகம். 1926இல் மைனட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் ஈரலைச் சாப்பிடக் கொடுத்தே அப்போது உயிரைக் குடித்துக்கொண்டிருந்த ஒரு வகை ரத்தசோகையைக் குணப்படுத்திக் காட்டினார்கள். ஈரலில் இருந்த அந்தப் பொருள் பி12தான் என்பது 1948இல்தான் தெரிந்தது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. 250 மில்லி பாலில் சுமார் 1.2, ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் அளவு. பால், தயிர், முட்டை தினமும் நன்றாக எடுப்பவர் தப்பித்துவிடலாம். டீயில் ஊற்றும் பால் மட்டும்தான் என்றால் போதாது. வீகன் என்றால் மாத்திரை அல்லது பி12 சேர்த்த உணவு கட்டாயம், இதில் பேரம் பேசாதீர்கள். தினமும் என்றால் 10 மைக்ரோகிராமாவது, வாரம் ஒரு முறை என்றால் 2000 மைக்ரோகிராம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கக் காரணம், ஒரு வேளையில் குடல் முழுமையாக எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மைக்ரோகிராம்தான், மீதியில் சுமார் ஒரு சதவீதம் மட்டுமே உள்ளே போகும். மாத்திரையில் இருப்பது பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்தது, ஆனால் மேலுறை ஜெலட்டினால் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) ஆனதா என்று பாருங்கள்.

நான் சைவத்துக்கு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே?

ஈரலில் சேர்ந்திருக்கும் பி12 சில வருடங்களுக்கு வரும், நீங்கள் இப்போது அந்தச் சேமிப்பில் இருக்கிறீர்கள். தீர்ந்த பிறகு கைகால் மரத்துப்போவது, நடையில் தடுமாற்றம், மறதி, சோர்வு என்று மெதுவாகத் தலைகாட்டும். நரம்புப் பாதிப்பு நெடுநாள் நீடித்தால் முழுமையாகச் சரியாகாமலும் போகலாம். கீரை, பயறு நிறையச் சாப்பிடுகிறவருக்கு ஃபோலேட் (பி9 வைட்டமின்) தாராளமாகக் கிடைப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் நரம்பு மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், நெடுநாளாக அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், இரண்டுமே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

ஸ்பைருலினா, கடல்பாசியில பி12 இருக்குன்னு போட்டிருக்காங்களே?

அவற்றில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோன்றும் பொருள், மனித உடம்பில் வேலை செய்யாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ரத்தசோகை வருமா? கீரை சாப்பிட்டா இரும்புச்சத்து போதும்தானே?

கீரையை மட்டும் நம்பினால் போதாது. கறியில் உள்ள ஹீம் இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும். செடிகொடியில் உள்ள இரும்பு அப்படியில்லை, கூடச் சாப்பிடும் பொருளைப் பொறுத்து உறிஞ்சப்படும் அளவு மிகவும் மாறும். எனவே எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதோடு எதனோடு சாப்பிடுகிறோம் என்பதும் சேர்ந்தே கணக்கு. பயறோடு எலுமிச்சை, தக்காளி, குடைமிளகாய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ள எதையாவது சேருங்கள். டீ, காபியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் பைட்டேட்டைக் குறைக்கும். இரும்புச் சட்டியில் புளிப்பான குழம்பு செய்தால் கொஞ்சம் இரும்பு அதிலேயே சேரும்.

மாதவிடாய் உள்ள பெண்கள் இதை இரண்டு மடங்கு கவனியுங்கள். ஆனால் பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம், கூடினாலும் கெடுதல்தான்.

கால்சியம், வைட்டமின் டி, அயோடின்?

பால் எடுப்பவருக்குக் கால்சியம் பெரிய பிரச்சினை இல்லை. எடுக்காதவர்கள் கால்சியம் சல்பேட் போட்டு உறையவைத்த டோஃபு, கால்சியம் சேர்த்த சோயா பால் (நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், அடியில் தங்கிவிடும்), ப்ராக்கோலி, முட்டைக்கோஸ் வகைகள் என்று போகலாம். பாலக் கீரையில் கால்சியம் இருந்தும் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் பிடித்துக்கொள்வதால் சுமார் 5 சதவீதம்தான் உடம்பில் சேரும், பாலில் அது 30 சதவீதம் அளவு.

வைட்டமின் டி வெயிலிலிருந்து வர வேண்டும், வெயில் படாதவர்களுக்கு அசைவமோ சைவமோ மாத்திரை தேவைப்படலாம். டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து தயாராகிறது, பாறைப்பாசியிலிருந்து எடுப்பதும் கிடைக்கிறது. அயோடினுக்கு அயோடின் சேர்த்த உப்பு போதும். மீனும் சாப்பிடாமல், இந்துப்பு மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு அது கிடைக்காமல் போகும்.

மீனை நிறுத்தினா ஒமேகா 3க்கு எங்க போறது?

ஆளி விதை, சியா விதை, அக்ரூட். ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிடுங்கள், முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். இவற்றில் இருப்பது ஏஎல்ஏ என்ற வகை. மீனில் இருக்கும் டிஎச்ஏவாக அதை உடம்பு மாற்றிக்கொள்ளும், ஆனால் மிகக் குறைவாகத்தான். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ எண்ணெய் பற்றி மருத்துவரிடம் பேசலாம். மீனுக்கே அது பாசியிலிருந்துதான் வருகிறது.

வெளிய சாப்பிடும்போது தெரியாம அசைவம் கலந்திருக்குமா?

நிறையவே கலக்கும். சூப்பில் கோழி வேகவைத்த தண்ணீர், நூடுல்ஸில் மீன் சாஸ், காய்கறி வதக்கலில் ஆய்ஸ்டர் சாஸ், வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன். ஜெல்லி மிட்டாயிலும் மாத்திரை உறையிலும் ஜெலட்டின், அது தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கார்மைன் (லேபிளில் இ120) பூச்சியிலிருந்து வருவது. சீஸ் உறையவைக்கும் ரென்னட் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியச் சீஸை விதிப்படி அப்படித்தான் செய்ய வேண்டும், மற்ற பல சீஸ்களில் நுண்ணுயிர் ரென்னட் வந்துவிட்டது.

இது சைவமா என்று பொதுவாகக் கேட்காதீர்கள், கறித்துண்டு இல்லை என்ற அர்த்தத்தில் ஆமாம் என்பார்கள். எந்தத் தண்ணீரில் வேகவைத்தீர்கள், என்ன சாஸ் போட்டீர்கள் என்று கேளுங்கள்.

குழந்தைக்கும் இதையே கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் பெரியவர்கள் தட்டைச் சின்னதாக்கிக் கொடுத்தால் போதாது. குழந்தையின் வயிறு சிறியது, நார்ச்சத்து நிறைந்த உணவு சீக்கிரம் அதை நிரப்பிவிடும், தேவையான சக்தி உள்ளே போயிருக்காது. குழைத்த பருப்பு, எண்ணெய் அல்லது வெண்ணெய், கொட்டைகளை அரைத்த விழுது, பால், முட்டை என்று சக்தி அடர்ந்தவற்றைச் சேருங்கள். ஐந்து வயதுக்குள் முழுக் கொட்டை வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

பாலூட்டும் தாய்க்கு பி12 குறைவாக இருந்தால் தாய்ப்பாலிலும் குறையும், குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீகனாக இருக்கும் கர்ப்பிணிகள் முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஜிம்முக்குப் போறேன். கறி இல்லாம தசை ஏறுமா?

ஏறும். தசை வளர்க்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு புரதம் என்பார்கள், அதாவது மேலே போட்ட கணக்கைப் போல இரண்டு மடங்கு. அதற்குப் பருப்பு மட்டும் போதாது, வயிறு தாங்காது. மீல்மேக்கர் (காய்ந்த 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம்), டோஃபு, பன்னீர், முட்டை, தேவைப்பட்டால் புரதப் பொடி என்று சேர்த்து நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுங்கள். தசைக்குச் சக்தி தர உதவும் கிரியேட்டின் என்ற பொருள், உணவில் கறி, மீனில்தான் கணிசமாக இருக்கிறது, சைவர்களின் தசையில் அது குறைவாகவே காணப்படும். கடையில் விற்கும் கிரியேட்டின் பொடி ரசாயன முறையில் தயாராவது, தினம் 3 முதல் 5 கிராம் வழக்கமான அளவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பதிலில் எதையும் செய்ய வேண்டாம்.

வீட்ல பாதிப் பேர் அசைவம். ரெண்டு சமையல் செய்யணுமா?

அடிக்குழம்பை ஒன்றாகச் செய்து பிரியுங்கள். வெங்காயம், தக்காளி, மசாலா வரை பொது, அதன் பிறகு ஒன்றில் கொண்டைக்கடலை, ஒன்றில் கோழி. கரண்டி, வெட்டும் பலகை தனியாக வேண்டுமா என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள், மனத்தாங்கல் வருவதே அந்த இடத்தில்தான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மற்றவர் தட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

சைவம்னாலே ஆரோக்கியம்தானே? எனக்கு ஏன் எடை கூடுது?

பொரித்த உருளைக்கிழங்கும் மைதாவும் சர்க்கரையும் சைவம்தான். கறி மாதிரி செய்து பாக்கெட்டில் விற்கும் சோயா, பட்டாணிப் புரத உணவுகளும் மாறும் காலத்தில் கைகொடுக்கும், ஆனால் பலவற்றில் உப்பு அதிகம், தினமும் அதையே நம்ப வேண்டாம்.

பிரிட்டனில் பல்லாயிரம் பேரை நெடுங்காலம் தொடர்ந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் முடிவுகளை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019இல் வந்த முடிவில் சைவர்களுக்கு இதய ரத்தநாள நோய் 22 சதவீதம் குறைவாகவும், பக்கவாதம் 20 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது. 2020இல் வந்ததில் வீகன்களுக்கு எலும்பு முறிவு கூடுதல். இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், சைவம்தான் காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. ஆனாலும் பி12, கால்சியம், புரதம் பற்றி நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது இதிலிருந்து புரியும்.

பல வருஷம் கழிச்சுத் தெரியாம கறி சாப்பிட்டா உடம்பு ஏத்துக்காதா?

ஏற்றுக்கொள்ளும். புரதத்தைச் செரிக்கும் பெப்சின், டிரிப்சின் போன்ற என்சைம்கள் பருப்புக்கும் கறிக்கும் ஒன்றுதான், அவை தினமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. கொழுப்பு அதிகமாக இருந்தால் அன்றைக்கு வயிறு கனமாகத் தெரியலாம், மனச்சங்கடத்தாலேயே சிலருக்குக் குமட்டும். அவ்வளவுதான். உடம்பைச் சுத்தப்படுத்துகிறேன் என்று பட்டினி கிடக்கத் தேவையில்லை, அடுத்த வேளை வழக்கம்போலச் சாப்பிடுங்கள்.